இரண்டு காதம்

போன மாதம் எங்கள் அம்பாசமுத்திரத்திலிருந்து, அதாவது அம்பையிலிருந்து, திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போனேன். வீரவநல்லூர் தாண்டியதும் சாலை வேலை நடந்துகொண்டிருந்ததால் கால் மணி நேரம் வண்டி நின்றது. ஜன்னல் வழியே பார்த்தால் மண்மேட்டின் ஓரத்தில் இரண்டு கல் தூண்கள். அவற்றின் மேல் கிடந்திருக்க வேண்டிய குறுக்குக் கல் சரிந்து ஒரு முனை மண்ணில் செருகி நின்றது. பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையனிடம், "தம்பி, அது என்னன்னு தெரியுமா?" என்று கேட்டேன். எட்டிப் பார்த்துவிட்டு, "பழைய பஸ் ஸ்டாப்பு பெஞ்சா இருக்கும் சார்" என்றான்.

அவனைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அது சுமைதாங்கி என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்குச் சொன்னது எங்கள் ஆச்சி. அவள் சொன்னதையெல்லாம் எழுதி வைக்கவேண்டும் என்று பல வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சரிந்த கல்லைப் பார்த்தபின் இனியும் தள்ளிப்போட மனம் வரவில்லை. கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆச்சி களக்காட்டுக்காரி. அம்பைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது 1920களில். மலையடிவாரத்தை ஒட்டி மாட்டு வண்டியில் ஒரு ராத்திரிப் பயணம். "வண்டிக்குள்ள நாங்க அஞ்சு பொம்பளைய. கால நீட்ட எடங் கெடையாதுய்யா. கீழ வைக்கோலப் பரத்தி, அதுமேல ஜமுக்காளம். மாடு மணி சத்தம் கேட்டுக்கிட்டே தூங்கிப் போனேன். முழிச்சுப் பாத்தா ஆத்துக்குள்ள வண்டி நிக்கி. சக்கரம் பாதி தண்ணிக்குள்ள. எங்கம்மைய நெனச்சு அழுதுட்டேன்." இந்த இடம் வரும்போது எழுபது வயதிலும் ஆச்சிக்குக் குரல் மாறும். களக்காடு இன்றைக்கு நமக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரச் சொச்சம். அவளுக்கு அது வேறு ஊர், வேறு தண்ணீர். அடுத்த முறை அம்மையைப் பார்க்க ஒன்பது மாதம் ஆனதாம்.

அந்தக் காலத்தில் தூரத்தை எப்படிச் சொன்னார்கள் என்று பாருங்கள். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். ஒரு நாழிகை நேரத்தில் ஒரு ஆள் நடக்கிற தூரம் 'நாழிகை வழி'. ஏழரை நாழிகை வழி சேர்ந்தால் ஒரு காதம். கணக்குப் போட்டால் சரியாக மூன்று மணி நேர நடை, ஏறத்தாழ 10 மைல். மனிதனின் காலே அளவுகோல். அம்பையிலிருந்து திருநெல்வேலி 22 மைல் சொச்சம், அதாவது இரண்டு காதமும் கொஞ்சமும். நல்ல நடைக்காரர் விடியுமுன் நான்கு மணிக்குக் கிளம்பினால் உச்சிப் பொழுதுக்குள் நெல்லையப்பர் கோயில் வாசலில் நிற்கலாம். பாரம் ஏற்றிய மாட்டு வண்டி மணிக்கு இரண்டு, இரண்டரை மைலுக்கு மேல் போகாது. வண்டிப் பயணம் பெரும்பாலும் ராத்திரியில்தான். வெயிலில் மாடு நாக்குத் தள்ளும். ராத்திரிச் சாப்பாடு முடித்து எட்டு மணிக்கு ஏறினால், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று ஒவ்வொரு ஊராகத் தூக்கத்திலேயே தாண்டி, வெள்ளி முளைக்கிற நேரத்தில் கொக்கிரகுளம். ஆற்றில் குளித்துவிட்டு, கோர்ட்டுக்குப் போகிறவர் கோர்ட்டுக்கும், கோயிலுக்குப் போகிறவர் கோயிலுக்கும் போவார்கள்.

வண்டி என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதில் எத்தனை வகை! நெல்லும் பருத்தியும் ஏற்றுகிற பார வண்டி. மேலே மூங்கில் வளைத்துப் பாய் வேய்ந்த கூண்டு வண்டி. அச்சுக்கும் பெட்டிக்கும் நடுவே இரும்பு வில் வைத்த வில் வண்டி. வில் வண்டி வைத்திருந்த வீட்டுக்கு ஊரில் தனி மரியாதை. பள்ளத்தில் இறங்கினாலும் வயிறு குலுங்காது என்பதால் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களை ஏற்றிச்செல்ல அக்கம்பக்கத்தார் இரவல் கேட்டு வருவார்கள். இல்லை என்று சொல்லக்கூடாது என்பது எழுதாத சட்டம்.

வண்டிச் சக்கரத்தை ஒரு தடவையாவது கூர்ந்து பார்த்திருக்கிறீர்களா? நடுவில் குடம். குடத்திலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள். அவற்றைச் சுற்றி வளைவு வளைவாக வட்டை. ஒரு வட்டைத் துண்டுக்கு இரண்டு ஆரக்கால் என்று ஆறு வட்டைக்குப் பன்னிரண்டு. எங்கள் பக்கம் கருவேல மரத்தில் செய்வார்கள், நெஞ்சு உரம் உள்ள மரம். இதெல்லாம் ஆசாரியின் வேலை. இதற்கு மேல் இரும்புப் பட்டா போடுவது கொல்லரின் வேலை. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருக்கோடியில் இதைப் பார்த்திருக்கிறேன். பட்டாவைச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சிறிதாகவே அடித்திருப்பார்கள். அதைச் சுற்றி வரட்டியை அடுக்கித் தீ மூட்டுவார்கள். இரும்பு பழுத்து விரிந்ததும் மூன்று பேர் குறடால் தூக்கிவந்து சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். மரம் குப்பென்று புகையும். உடனே குடம் குடமாகத் தண்ணீர். இரும்பு சுருங்கிச் சுருங்கி வட்டையையும் ஆரக்காலையும் குடத்தையும் ஒன்றாக இறுக்கிப் பிடிக்கும்போது சக்கரம் முழுக்க ஒரு முனகல் ஓடும். ஆணியோ பசையோ கிடையாது. நெருப்பும் தண்ணீரும் போட்ட முடிச்சு அது. பிறகு பள்ளிக்கூடத்தில் வெப்பத்தால் உலோகம் விரிவடையும் என்று வாத்தியார் கரும்பலகையில் எழுதியபோது, எனக்கு அந்த முனகல்தான் காதில் கேட்டது.

மாட்டுக்கு லாடம் அடிப்பதும் அப்படியே. மாட்டின் குளம்பு பிளந்தது என்பதால் குதிரைக்குப் போல ஒரே வளையம் ஆகாது. ஒரு காலுக்கு இரண்டு தகடு, நான்கு காலுக்கு எட்டு. கயிறு போட்டு மாட்டைச் சாய்த்து, கால்களைக் கட்டி, குளம்பைச் சீவி, ஆணி அடிக்கவேண்டும். சதையில் ஆணி ஏறினால் மாடு முடங்கிப்போகும். கைப்பழக்கம் வேண்டிய தொழில்.

வண்டியோட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டிய வித்தை பாரம் ஏற்றுவது. முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே தூக்கிப் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். இரண்டுமில்லாமல், கழுத்தில் ஒரு கை வைத்தாற்போல் மட்டும் அழுத்தம் இருக்கவேண்டும். மேட்டில் ஏறும்போது வண்டிக்குள் இருப்பவர்களைக் கொஞ்சம் முன்னால் நகரச் சொல்வார்கள், இறக்கத்தில் பின்னால். ரொம்பச் செங்குத்தாக இருந்தால் ஆண்கள் இறங்கி நடக்கவேண்டும். எங்கள் தாத்தா வண்டிக்குள் உட்கார்ந்து போனதைவிட வண்டிக்குப் பின்னால் நடந்துபோனதுதான் அதிகம் என்று ஆச்சி சொல்வாள். "மாடும் உசுருதானய்யா" என்பாராம்.

கட்டுச்சோற்றைச் சொல்லாமல் விட முடியாது. புளியோதரையைப் பாக்கு மட்டையில் கட்டினால் மறுநாள் மத்தியானம் வரை கெடாது. துணைக்கு எள்ளுத் துவையல். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி. திருகு மூடி போட்ட பித்தளைக் கூஜாவில் தண்ணீர். மாட்டுக்கும் உண்டு கட்டுச்சோறு: வண்டியின் அடியில் தொங்கும் சாக்கில் வைக்கோலும் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும். அதன் பக்கத்திலேயே ஆடிக்கொண்டு ஒரு அரிக்கேன் விளக்கு.

தனி வண்டியாக யாரும் போக விரும்புவதில்லை. ஐந்தாறு வண்டி சேர்ந்த பிறகே கிளம்புவார்கள். முதல் வண்டிக்காரர் விழித்திருந்தால் போதும், மற்ற மாடுகள் முன் வண்டியின் விளக்கைப் பார்த்து நடக்கும். கள்ளர் பயம் நிஜமான பயம். பாளையக்காரர் காலத்தில் நெல்லைச் சீமையில் திசைகாவல் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. வழியில் பொருள் களவு போனால் காவல்காரர் கண்டுபிடித்துத் தரவேண்டும் அல்லது ஈடு கட்டவேண்டும். அதற்கு ஊரார் காவல் வரி கொடுத்தார்கள். களவுபோன மாட்டைப் பற்றித் துப்புச் சொல்கிறவனுக்குக் கொடுப்பதற்கென்றே 'துப்புக்கூலி' என்று ஒரு சொல் இருந்தது. அந்தத் துப்புக்கூலியை வாங்கியவனே மாட்டை ஓட்டியவனாகவும் இருந்ததுண்டு. வெள்ளைக்கார அதிகாரிகளின் எழுத்துகளில் இதைப் பற்றிப் புகார் நிறையவே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் நாடார் வணிகர்கள் இதற்கு ஒரு நல்ல வழி கண்டார்கள். வழியில் உள்ள ஊர்களில் மதில் கட்டி, கிணறு வெட்டி, வண்டியும் மாடும் சரக்கும் பத்திரமாக ராத்தங்கப் பேட்டைகள் அமைத்தார்கள். பேட்டைக்கு வரும் சரக்கின் மேல் மகமை என்று ஒரு சிறு தொகை வசூலித்து, அதிலிருந்தே செலவு பார்த்தார்கள். அந்த மகமைப் பணத்திலிருந்துதான் பிற்காலத்தில் பள்ளிக்கூடங்கள் எழுந்தன. வண்டி மாடு படுத்துக் கிடந்த தொழுவத்திலிருந்து ஒரு சமூகத்தின் கல்வி முளைத்தது என்று எண்ணும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இனி ஆறு. ஆச்சி அழுத அந்த ஆறு.

அம்பை தாமிரவருணியின் வடகரை, கல்லிடைக்குறிச்சி தென்கரை. தென்கரைப் பாதையில் திருநெல்வேலி போகிறவர் இங்கே ஒருமுறை ஆற்றைத் தாண்டவேண்டும், அங்கே கொக்கிரகுளத்தில் மறுபடி ஒருமுறை. சித்திரை வைகாசியில் வண்டியை ஆற்றில் இறக்கி ஓட்டிவிடலாம். சக்கரத்தை ஆள் மார்பளவு உயரத்துக்குச் செய்வது இதற்கும் சேர்த்துத்தான். ஐப்பசி கார்த்திகையில் மலையில் மழை பிடித்துவிட்டால் கதை வேறு. இந்தக் கரையில் சோறு பொங்கித் தின்றுகொண்டு தண்ணீர் வடியக் காத்திருக்கவேண்டும். ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்கிற பழமொழி எங்கள் ஊர்க்காரர்களுக்கு வாழ்க்கைத் தத்துவம் ஆவதற்கு முன்னால் கண்ணால் பார்த்த காட்சி.

பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே 1843 வரை படகுதான். படகில் இடம் பிடிக்க அடிதடி, கலவரம். பாலம் கட்ட அரை லட்சம் ரூபாய் ஆகும் என்று கேப்டன் ஹார்ஸ்லி மதிப்பீடு கொடுத்தார். அரசாங்கம் தராது, மக்களிடம் வசூலிக்கலாம் என்று பேச்சு. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் அந்தச் செலவைத் தானே ஏற்றுக்கொண்டார். மனைவியின் நகைகளையும் விற்றார் என்று சொல்வார்கள். 1843இல் பாலம் திறக்கப்பட்டது, பதினொரு வளைவுகளோடு. லண்டன் வாட்டர்லூ பாலத்தை மாதிரியாக வைத்துக் கட்டியது. அந்த வாட்டர்லூ பாலத்தை லண்டன்காரர்கள் இடித்துவிட்டு வேறு கட்டிக்கொண்டார்கள். நம்முடையது இன்றும் பஸ்ஸையும் லாரியையும் சுமந்துகொண்டு நிற்கிறது. மாட்டு வண்டிக்காகக் கட்டிய பாலம் அது. அதைக் கடக்கும்போது ஒருமுறையாவது அந்த மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள்.

குதிரையைப் பற்றிச் சொல்ல எங்கள் பக்கம் அதிகம் இல்லை. ரயில் நிலைய வாசலில் ஜட்கா நின்றது, அதிகாரிகளும் ஜமீன்தார்களும் சவாரி செய்தார்கள், அவ்வளவுதான். இந்த மண்ணும் வெக்கையும் குதிரைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இதே தாமிரவருணி கடலில் விழுகிற காயலில் 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்து இறங்கிய மார்க்கோ போலோ, பாண்டிய மன்னர் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை அரபுக் கடலோரத்திலிருந்து வாங்குவதையும், வருஷ முடிவில் நூறுகூட மிஞ்சாததையும் எழுதி வைத்திருக்கிறார். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாததுதான் காரணம் என்கிறார். சாதாரண ஜனங்களுக்குக் குதிரை என்றால் ஐயனார் கோயிலில் நிற்கும் மண் குதிரை. ராத்திரியில் ஊரைச் சுற்றிவர அது ஐயனாருக்கு வேண்டும். நமக்குக் கால் இருக்கிறது.

ஆமாம், கால். வண்டியைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன், ஆனால் ஜனங்களில் பெரும்பகுதி வண்டியேறியதே இல்லை. நடந்தார்கள். நெல்லை விற்க, பெண் பார்க்க, சாவுக்குச் சொல்ல, வேலை தேட, எல்லாவற்றுக்கும் நடை. அம்பாசமுத்திரம் எரிச்சாவுடையார் கோயிலில் ஒரு பழைய வட்டெழுத்துக் கல்வெட்டு கிடைத்தது. வரகுண பாண்டியன் தொண்டை நாட்டில், பெண்ணையாற்றங்கரை அரைசூரில் பாசறை போட்டிருந்தபோது, நம் ஊர்க் கோயிலுக்கு 290 காசு கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. அப்போது நம் ஊருக்கு இளங்கோக்குடி என்று பெயர். வரைபடத்தில் பார்த்தால் நானூறு கிலோமீட்டருக்கும் மேல். அந்த ஆணையும் காசும் யாரோ சிலர் காலில்தானே இங்கே வந்து சேர்ந்திருக்கும்? நாளைக்கு இரண்டு காதம் என்று வைத்தாலும் பதினைந்து நாள் நடை. அவர்கள் எங்கே படுத்தார்கள், யார் சோறு போட்டார்கள், கல்வெட்டு சொல்லவில்லை. எனக்கு அந்த ராஜாவைவிட அவர்களைத்தான் பார்க்க ஆசை.

கால்டுவெல் பாதிரியார் 1841இல் சென்னையிலிருந்து நெல்லைச் சீமைக்கு நடந்தே வந்தார் என்பதைப் பலர் அறிந்திருப்பீர்கள். நேர்வழியில் அல்ல, நீலகிரி மலை ஏறி இறங்கிச் சுற்றிக்கொண்டு. ஜனங்களையும் அவர்கள் பேச்சையும் தெரிந்துகொள்ள நடப்பதே வழி என்று நினைத்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்கு அவர் போட்ட முதல் முதலீடு அந்தக் கால்வலி என்று நான் நம்புகிறேன். சில பத்தாண்டுகள் கழித்து உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி இதே சீமைக்கு வந்தார். வண்டியும் நடையுமாகக் கரிவலம்வந்தநல்லூர், ஆழ்வார்திருநகரி என்று அலைந்தார். நம் கல்லிடைக்குறிச்சியில் திருவாவடுதுறை ஆதீனத்தின் கிளை மடம் இருந்ததால் இந்தப் பாதை அவருக்கு அந்நியமாக இருந்திருக்காது.

மேற்கே மலை தாண்டினால் திருவிதாங்கூர். செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக் கணவாயில் ஏறி, தென்மலை, புனலூர், கொல்லம் என்று ஒரு பாதை. தெற்கே ஆரல்வாய்மொழி வழி இன்னொன்று. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை, முதலில் திருவிதாங்கூர் ராஜ்யத்தோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் சேர்ந்திருந்த ஊர். சங்கு முத்திரையோடு கூடிய நுழைவாயில் வளைவு இப்போதும் இருக்கிறது. திருவிதாங்கூரில் தபாலுக்கு அஞ்சல் என்று பெயர். அஞ்சலோட்டக்காரர் மணி கட்டிய கோலோடு ஓடிவருவார். மணிச் சத்தம் கேட்டால் யாராக இருந்தாலும் வழிவிட வேண்டும். ஒரு கடிதத்துக்காகப் பிரபுக்களும் ஒதுங்கிய பாதை.

ஆனால் எல்லோருக்கும் ஒரே பாதை இல்லை என்பதையும் எழுதாவிட்டால் நான் பொய் சொன்னவனாவேன். அந்தக் கால வண்டியை நினைத்து ஏங்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வண்டியில் ஏறித் தெருவுக்குள் வரக்கூடாது, செருப்பு போட்டு நடக்கக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது என்று சொல்லப்பட்டவர்கள் நம் ஊர்களிலேயே இருந்தார்கள். பல்லக்கில் போனவர் ஒருவர், தோள் கொடுத்தவர் பலர். மலைக்கு அந்தப்பக்கம் வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காகவே 1924இல் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. தண்ணீர்ப்பந்தலில் எல்லோருக்கும் தண்ணீர் உண்டு, ஆனால் சிலருக்கு மூங்கில் குழாய் வழியே தூரத்திலிருந்து ஊற்றினார்கள். பஸ் வந்த பிறகு, உடனே இல்லாவிட்டாலும் மெல்ல மெல்ல, காசு கொடுத்தவர் யாராக இருந்தாலும் பக்கத்தில் உட்காரலாம் என்று ஆனது. அந்த ஒரு காரணத்துக்காகவே நான் பஸ்ஸுக்குக் கைகூப்புவேன்.

குறை இவ்வளவு இருந்தும், நடக்கிறவனை மனதில் வைத்து அந்தச் சாலை அமைந்திருந்தது. ராணி மங்கம்மாள் பெயர் இந்தச் சீமையில் இன்றும் வாயில் வழங்குவது அவள் 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்டதற்காகவா? சாலை போட்டு, மரம் நட்டு, சத்திரம் கட்டியதற்காகத்தான். பாவூர்சத்திரம் என்று பஸ் கண்டக்டர் கூவும்போது அந்த ஊரின் பெயருக்குள் ஒரு சத்திரம் இருப்பதை யார் கவனிக்கிறார்கள்? ஒரு காதத்துக்குள் ஒரு மண்டபமோ சாவடியோ. கோடையில் மோரும் பானகமும் வைத்த தண்ணீர்ப்பந்தல். மாடு குடிக்கக் கல்தொட்டி. வீட்டுத் திண்ணைகூட ஊர் பேர் தெரியாத வழிப்போக்கன் படுக்கத்தான். "திண்ணையில யாரு படுத்திருக்கான்னு கேக்க மாட்டோம். சாப்டாச்சான்னுதான் கேப்போம்" என்பாள் ஆச்சி.

சுமைதாங்கி இந்த வரிசையில் வருவது. தலைச்சுமையோடு போகிறவருக்கு இருக்கிற கஷ்டம் சுமப்பதில் மட்டும் இல்லை. இறக்கிவைத்தால் திரும்பத் தூக்கிவிட ஆள் வேண்டும். தனி வழியில் ஆளுக்கு எங்கே போவது? அதனால் தலை உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தினார்கள். நின்றபடியே சுமையை அதில் தள்ளிவிடலாம், இளைப்பாறிவிட்டு நின்றபடியே தலையில் வாங்கிக்கொள்ளலாம். யாருடைய தயவும் வேண்டாம். கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் இதை நட்டார்கள். இறக்கிவைக்க முடியாத சுமையோடு போனவளுக்கு, போகிற வருகிறவர்கள் சுமையை இறக்கினால் ஆறுதல் கிடைக்கும் என்ற நம்பிக்கை. சில கல்லில் பெயரும் வருஷமும் இருக்கும். பல கல்லில் ஒன்றும் இருக்காது. அந்தப் பையன் பெஞ்சு என்று நினைத்த கல்லுக்குப் பின்னால் ஒரு இளம்பெண் இருக்கிறாள்.

பயணம் கொண்டாட்டமாகவும் இருந்தது. ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் சொரிமுத்து ஐயனார் கோயிலுக்கு இந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாம் வண்டி கட்டும். கொம்புக்குச் சாயம், கழுத்துக்குச் சலங்கை. வண்டிக்குள் அரிசி மூட்டை, பாத்திரம், பிள்ளைகள், ஒரு ஆட்டுக்கிடா. மலையடிவாரத்துக்கு மேல் நடை. காட்டுக்குள் குடில் போட்டு நாள்கணக்கில் தங்கி, ஆற்றில் குளித்து, பொங்கி, கும்பிட்டு வருவார்கள். சிங்கம்பட்டி ஜமீன்தார் ராஜ உடையில் வந்து அமர்ந்து காட்சி தருவது அந்தத் திருவிழாவின் வழக்கம். 2020இல் மறைந்த முருகதாஸ் தீர்த்தபதி வரைக்கும் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். எங்கள் வீட்டில் கடைசியாக வண்டி கட்டிப் போனது எனக்கு நான்கு வயதாக இருக்கும்போது. கூண்டின் பாய் இடுக்கு வழியே தெரிந்த நிலாவைத் தவிர ஒன்றும் நினைவில்லை.

ரயில் திருநெல்வேலிக்கு வந்தது 1876இல். அம்பைப் பக்கம் வர இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. இடைப்பட்ட 1880களில் பாபநாசம் அருவியின் தண்ணீர் வேகத்தை நம்பி ஹார்வி கம்பெனியார் பஞ்சாலை தொடங்கினார்கள். ரயில் இல்லாத ஊரில் ஆலை! இயந்திரமும் பருத்தியும் இந்த வண்டிச் சாலையில்தான் உருண்டு வந்திருக்கும். நூல் மூட்டை இதே வழியில் திரும்பிப் போயிருக்கும். எந்திர யுகத்தையே காளை மாடுதான் எங்கள் ஊருக்கு இழுத்துக்கொண்டு வந்தது. 1902இல் திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி வரை தண்டவாளம் வந்தது. ஆற்றைத் தாண்டி அம்பை வழியாகச் செங்கோட்டைக்கு 1903இல் ஓடியது. நடுவில் அந்த ஓராண்டு அம்பைக்காரர்கள் ஆற்றைக் கடந்து போய் ரயில் ஏறினார்கள். 1904இல் மலையைக் குடைந்து கொல்லம் வரை போய்விட்டது. இரண்டு காதம் சில மணி நேரமாகச் சுருங்கியது.

அதற்கும் பிறகு பஸ். 1912இல் தஞ்சாவூர் புதுக்கோட்டைப் பாதையில் பஸ் விட்ட டி.வி. சுந்தரம் ஐயங்கார் நம் திருக்குறுங்குடியில் பிறந்தவர். மாட்டு லாடத்திலிருந்தும் குதிரை லாடத்திலிருந்தும் உதிர்ந்து கிடந்த ஆணிகள் டயரைக் குத்திக் கிழித்துக்கொண்டே இருந்தன. காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் ஓட்டி அந்த ஆணிகளைப் பொறுக்கினார். ஒரு யுகம் போய் இன்னொன்று வந்ததை எனக்குக் காட்டுகிற காட்சி அதுதான்: சாலையில் கிடந்த லாட ஆணிகள் ஒவ்வொன்றாகக் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்வது.

பழைய காலம் திரும்பி வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. பிரசவ வலியோடு வண்டியில் போய்ப் பாதி வழியில் உயிர்விட்ட பெண்களின் கல்லைத்தானே இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறோம். சாலை அகலமாகட்டும், ஆம்புலன்ஸ் விரைந்து போகட்டும். ஆனால் சாலை அகலமாவதற்கு அந்த மூன்று கல்லை உடைக்கவேண்டிய தேவை இல்லை. பத்தடி தள்ளி நட்டால் போதும்.

நேற்று மறுபடி வீரவநல்லூர் போய் இறங்கிப் பார்த்தேன். வேலை நடத்துகிற மேஸ்திரியிடம் பேசினேன். நல்ல மனிதர், "எடுத்துத் தள்ளி வச்சுக்கிடுங்க சார், எங்களுக்கு ஒண்ணுமில்ல" என்றார். மூன்று கல்லும் உடையவில்லை. மண்ணைத் துடைத்துப் பார்த்ததில் குறுக்குக் கல்லின் ஓரத்தில் எழுத்து இருக்கிறது, தேய்ந்துபோயிருப்பதால் படிக்க முடியவில்லை. வரும் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு இரண்டு கடப்பாரையும் வடக்கயிறும் கொண்டு போகிறேன். என்னோடு இரண்டு பேர் வருகிறார்கள். தூக்க ஆறு பேராவது வேண்டும். அம்பை, கல்லிடை, சேரன்மகாதேவி பக்கத்தில் இருப்பவர்கள் வாருங்கள். பழைய எழுத்து படிக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால் கட்டாயம் வாருங்கள்.